நட்டது போதும், கொஞ்சம் பிடுங்குவோம்: பழனி மலையும் மூன்று பத்திக் கட்டுரையும்

பருவநிலை மாற்றத்தைப் பற்றித் தமிழில் வரும் கட்டுரைகளுக்கு ஒரு நிரந்தர அச்சு இருக்கிறது. முதல் பத்தியில் உலகம் சூடாகிறது. அடுத்து மூன்று உபதலைப்புகள்: அரசு செய்ய வேண்டியது, நிறுவனங்கள் செய்ய வேண்டியது, இளைஞர்கள் செய்ய வேண்டியது. அரசு மரம் நடும், கொள்கை வகுக்கும். நிறுவனங்கள் பசுமைத் தொழில்நுட்பத்துக்கு மாறும், சமூகப் பொறுப்பு நிதியில் மரம் நடும். இளைஞர்கள் விழிப்புணர்வு ஏற்படுத்துவார்கள், அவர்களும் மரம் நடுவார்கள். கடைசியில் "நாளைய தலைமுறைக்கு" என்று தொடங்கும் ஒரு வாக்கியம். பள்ளிக் கட்டுரைப் போட்டியிலிருந்து நாளிதழின் நடுப்பக்கம் வரைக்கும் இதுதான். பரிசும் இதுக்குத்தான் கிடைக்கிறது.

இந்த அச்சின் மேல் எனக்கு உள்ள புகார், அதில் பொய் இருக்கிறது என்பதல்ல. அதில் ஊர் இல்லை, கடந்த காலமும் இல்லை. எல்லாமே "இனிமேல் செய்ய வேண்டும்" என்ற காலத்தில் நடக்கிறது. ஏற்கெனவே எங்காவது செய்து பார்த்திருக்கிறார்களா, செய்தபோது என்ன ஆச்சு என்று அது கேட்பதே இல்லை. நமக்கோ கேட்டுப் பார்க்கப் பக்கத்திலேயே ஓர் இடம் இருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து கிழக்கே கை நீட்டியதுபோல் பிரிந்து வரும் பழனி மலைத்தொடர், அதன் உச்சியில் கொடைக்கானல். இங்கே அரசு மரம் நட்டது, ஆயிரக்கணக்கான ஹெக்டேரில். புகைபோக்கி இல்லாத நிறுவனம் ஒன்று வந்தது. இளைஞர்கள் பாட்டுப் பாடினார்கள், அது உலகம் முழுக்கக் கேட்டது. மூன்று பத்தியும் இங்கே நடந்து முடிந்திருக்கிறது. அதை வைத்து அந்தக் கட்டுரையை ஒருமுறை வாசித்துப் பார்ப்போமே.

முதலில் மரம். இதில்தான் அதிக நேரம் நிற்கப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பழனி மலையின் மேல்பகுதி, அதாவது ஏறக்குறைய 1,800 மீட்டருக்கு மேலே, இயற்கையில் முழுக்கக் காடாக இருந்த இடம் இல்லை. பள்ளத்தாக்கின் மடிப்புகளில், ஓடை ஓடும் இடங்களில், அடர்த்தியான குட்டை மரக் காடு. அதுதான் சோலை. மடிப்புக்கு வெளியே, காற்று அடிக்கும் சரிவுகள் முழுக்கப் புல்வெளி. மரத்தை வெட்டியதால் வந்த புல் அல்ல அது. பல்லாயிரம் ஆண்டுகளாக அப்படித்தான் இருந்தது. உறைபனி, காற்று, தீ, மண்ணின் ஆழம் எல்லாம் சேர்ந்து மரத்தை மடிப்புக்குள்ளேயே நிறுத்தி வைத்திருந்தன. வரையாடு இந்தப் புல்வெளியின் மிருகம். நீலகிரி நெட்டைக்காலி என்ற சின்னப் பறவைக்கு மரமே தேவையில்லை, புல் போதும். குறிஞ்சியும் புல்வெளிச் செடிதான். நம்ம ஐந்திணையின் முதல் திணைக்குப் பெயர் கொடுத்த செடி, திறந்த வெயில் விழும் சரிவில் வளரும் ஒரு புதர். குறிஞ்சி என்றதும் நம்மில் பலர் மனசில் அடர்ந்த காடு வருகிறது இல்லையா? அந்தச் செடியைக் கேட்டால் வேறு மாதிரி சொல்லும்.

2018-ல் எம். அரசுமணி, வி.வி. ராபின் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 'பிளாஸ் ஒன்' இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். செயற்கைக்கோள் படங்களையும் களத்தில் நடந்து பார்த்ததையும் வைத்து, பழனி மலையில் நாற்பது ஆண்டுகளில் நிலம் எப்படி மாறியது என்று கணக்கிட்டார்கள். இயற்கைப் புல்வெளியில் 66 விழுக்காடு போய்விட்டது. சோலைக் காட்டில் போனது 31 விழுக்காடு. ஒரு காலத்தில் மலையின் மேல்பகுதியில் மிக அதிகமாக, தொடர்ச்சியாகப் பரவிக் கிடந்த புல்வெளி, இப்போது மிக அரிதான, துண்டு துண்டான நிலமாகிவிட்டது. அந்த இடத்தைப் பிடித்தவை பெரும்பாலும் மரத்தோட்டங்கள், ஓரளவுக்கு விவசாயம்.

ஆக, பழனி மலையின் பெரிய சுற்றுச்சூழல் இழப்பு மரம் வெட்டியதால் வந்ததில்லை. மரம் நட்டதால் வந்தது.

நட்டவர்களைக் கெட்டவர்களாகக் காட்ட எனக்கு விருப்பமில்லை. அவர்கள் காலத்துக் கணக்கில் அது நியாயமாகத்தான் இருந்தது. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த வாட்டில் மரத்தின் பட்டை தோல் பதனிட உதவும். நீலகிரிப் பக்கம் இதைச் சீகை மரம் என்பார்கள். தோல் தொழில் எவ்வளவு பெரியது என்று திண்டுக்கல்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. டி. செல்வராஜ் 'தோல்' என்று ஒரு நாவலே எழுதி அதற்கு 2012-ல் சாகித்திய அகாதெமி விருதும் வாங்கினார். பட்டைக்கு இறக்குமதியை நம்ப வேண்டாம், விறகுக்குச் சோலையை வெட்ட வேண்டாம், சிறுமுகை விஸ்கோஸ் ஆலை போன்றவற்றுக்கு மரக்கூழும் கிடைக்கும். ஒரே கல்லில் மூன்று மாங்காய். அதுவும் எங்கே நடுகிறோம்? "சும்மா கிடக்கிற" புல்தரையில். வருவாய்த்துறை மொழியில் புல்வெளி என்பது தரிசு. இந்த ஒற்றைச் சொல்தான் வாட்டில் விதைக்கு முன்னால் அங்கே விழுந்த விதை என்று நான் நினைக்கிறேன். வெள்ளைக்காரன் விட்டுப்போன சொல். வரி வராத நிலம் வீண் நிலம்.

1988 தேசிய வனக் கொள்கைக்குப் பிறகு இந்தப் பாணி நடவு மெல்ல ஓய்ந்தது. மரம் ஓயவில்லை. வாட்டிலின் விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். தீ பட்டால் தோல் வெடித்து ஒரேயடியாக முளைக்கும். தோட்டத்தின் எல்லையிலிருந்து புல்வெளிக்குள் அது தானாகவே இறங்கிக்கொண்டிருக்கிறது. மேலே சொன்ன ஆய்வும் இந்த ஊடுருவலைத்தான் சுட்டுகிறது. நடவு நின்று இவ்வளவு காலம் ஆகியும் "காடு" வளர்ந்துகொண்டே போவதன் ரகசியம் இதுதான்.

இந்த இடத்தில் கணக்கு ஒரு வேடிக்கை செய்கிறது. இந்திய வன ஆய்வு நிறுவனம் ஒரு ஹெக்டேர் நிலத்தில் 10 விழுக்காட்டுக்கு மேல் மரக்கவிகை இருந்தால் அதை வனப்பரப்பில் சேர்க்கும். என்ன மரம், யார் நிலம் என்று பார்க்காது. அந்த வரைபடத்தில் வாட்டில் ஏறிய புல்வெளி ஒரு முன்னேற்றம். வரையாடு மேயும் புல்வெளி ஒரு காலியிடம். 2022-ல் தமிழ்நாடு அரசு பசுமைத் தமிழ்நாடு இயக்கத்தைத் தொடங்கி, மாநிலத்தின் பசுமைப் பரப்பை 23.7 விழுக்காட்டிலிருந்து 33 விழுக்காடாக உயர்த்துவோம் என்றது. அந்த 33 எங்கிருந்து வந்தது? 1988 கொள்கையில் நாட்டுக்கு மூன்றில் ஒரு பங்கு என்று எழுதியிருக்கிறது. மலைப்பகுதிக்கு மூன்றில் இரண்டு பங்கு என்றும் அதே கொள்கை சொல்கிறது. மேல் பழனியைப் போல, பாதிக்கு மேல் புல்லாகவே இருக்க வேண்டிய ஒரு மலையை இந்த இரண்டாவது இலக்கோடு பொருத்திப் பாருங்கள். இலக்கை எட்டினால் மலை தோற்கும்.

நியாயமாகச் சொல்வதென்றால், இதே அரசு இதே 2022-ல் அந்நிய ஊடுருவல் தாவரங்களை அகற்றுவதற்கென்று ஒரு கொள்கையையும் வெளியிட்டது. வரையாட்டுக்கென 25.14 கோடி ரூபாயில் ஒரு தனித் திட்டமும் வந்தது. இரண்டும் நல்ல காரியம். ஒரு கை நடுகிறது, ஒரு கை பிடுங்குகிறது. இதில் முரண்பாடு இருக்க வேண்டியதில்லை. சமவெளியில் நிழல் இல்லாத ஊர்களில் நடட்டும், மலையில் பிடுங்கட்டும். ஆனால் மேடையில் சொல்லப்படும் எண் எப்போதும் நட்ட எண்தான். பிடுங்கிய எண்ணை யாரும் கைதட்டலுக்காகச் சொல்வதில்லை.

"சரிங்க, வாட்டிலோ பைனோ, மரம்னா கார்பனை இழுக்கும்ல? புல் என்னத்த இழுக்கும்?" இந்தக் கேள்வி கட்டாயம் வரும். வர வேண்டிய கேள்வியும்தான்.

புல்வெளியின் கார்பன் பெரும்பகுதி தரைக்குக் கீழே இருக்கிறது, வேரிலும் மண்ணிலும். குளிரான மலையுச்சியில் மட்குவது மெதுவாக நடப்பதால் அது நீண்ட காலம் அங்கேயே தங்கும். மேலே தீ ஓடினாலும் கீழே உள்ளது பெரும்பாலும் பத்திரம். மரத்தோட்டத்தில் கார்பனின் பெரும்பங்கு கண்ணுக்குத் தெரிகிற இடத்தில், தீக்கும் புயலுக்கும் ரம்பத்துக்கும் எட்டுகிற உயரத்தில் நிற்கிறது. கண்ணுக்குத் தெரிவதால்தான் அதற்கு இவ்வளவு மதிப்பு என்றுகூடச் சொல்லலாம். உலக அளவிலும் இதே தடுமாற்றம் நடந்தது. 2019-ல் 'சயின்ஸ்' இதழில் வந்த ஒரு புகழ்பெற்ற கட்டுரை, உலகில் இன்னும் 90 கோடி ஹெக்டேரில் மரம் வளர்க்கலாம், அது 205 கிகா டன் கார்பனைப் பிடிக்கும் என்றது. அடுத்த ஜனவரியில் டாவோஸில் லட்சம் கோடி மரங்கள் என்று அறிவிப்பு வந்துவிட்டது. அதே இதழில் பல சூழலியலாளர்கள் கூட்டாக மறுப்பு எழுதினார்கள்: அந்தக் கணக்கு ஏறக்குறைய ஐந்து மடங்கு மிகை, காரணம் புல்வெளிகளையும் சவானாக்களையும் மரம் நடக் காத்திருக்கும் இடங்களாகச் சேர்த்துக்கொண்டதும்தான் என்று. அறிவிப்பு போன தூரம் மறுப்பு போகவில்லை. நம்ம ஊர் தரிசுதான், ஆங்கிலத்தில் பேசினால் 'மறுசீரமைப்பு வாய்ப்பு' ஆகிவிடுகிறது.

கார்பனை விடுங்கள், தண்ணீரைப் பார்ப்போம். பருவநிலை மாறும்போது ஒரு மலையிடம் நாம் கேட்க வேண்டிய முதல் வேலை மழையைப் பிடித்து வைத்து மெதுவாக விடுவது. நீலகிரியில் கிளென்மார்கன் என்ற இடத்தில் மண்வள ஆய்வு மையம் நீண்ட காலம் அளந்து பார்த்திருக்கிறது. புல்வெளியில் தைல மரம் வளர்த்தபோது முதல் சுற்றிலேயே ஓடையின் ஆண்டு நீர்வரத்து 16 விழுக்காடு குறைந்தது. உலகின் 26 நீர்ப்பிடிப்புப் பகுதித் தரவுகளைச் சேர்த்து 2005-ல் வந்த தொகுப்பாய்வு ஒன்று, புல்வெளியில் மரம் நட்டால் ஆண்டு நீரோட்டம் சராசரியாக 44 விழுக்காடு குறையும் என்றது. இதைக் கொடைக்கானலில் ரூம் போட்டிருப்பவர் உணர மாட்டார், கீழே இருப்பவர்தான் உணர்வார். வடக்குச் சரிவின் தண்ணீர் பாலாறு பொருந்தலாறு அணைக்கும் குதிரையாறு அணைக்கும் போகிறது, பழனி வட்டாரத்து வயலுக்குப் பாய்கிறது. தைப்பூசத்துக்குக் காவடி எடுத்து நடந்து வருகிறவர்கள் முழுகும் சண்முக நதியும் இந்த மலையின் தண்ணீர்தான். பழனிக்காரர் ஒருவரிடம் "உங்க மலையில புல்லு குறைஞ்சுபோச்சு" என்று சொன்னால் அதற்கென்ன என்பார். "ஆத்துத் தண்ணி குறைஞ்சுபோச்சு" என்றால் உட்கார்ந்து பேசுவார். இரண்டும் ஒரே வாக்கியம் என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

இன்னொரு விஷயம், இதுதான் எனக்கு மிகவும் சுவாரசியமானது. தவறு நடந்துவிட்டது, அந்நிய மரங்களை எடுத்துவிட்டு இயற்கையை மீட்போம் என்று நீதிமன்ற உத்தரவுகள் வந்தன. மீட்பது என்றால் எதை? பொதுப்பேச்சில் பதில்: சோலை மரங்களை. பிளாஸ் ஒன் கட்டுரை குறிப்பாக இதைத்தான் சுட்டிக்காட்டுகிறது. பெரும்பாலும் காணாமல் போனது புல்வெளி, மீட்கச் சொல்வதோ காடு. தப்பைத் திருத்தும்போதும் நம் கண் மரத்தைத்தான் தேடுகிறது. இதில் சினிமாவுக்கும் பங்கு உண்டு என்பேன். கொடைக்கானல் என்றால் பைன் காட்டுக்குள் நாயகி ஓடுவது, 'குணா' குகை, மூடுபனிக்குள் உயரமான மரங்கள். பைன் இந்த மலைக்குச் சொந்தமில்லை என்று அந்தக் காட்டின் வாசலில் டிக்கெட்டுக்கு நிற்கிற கூட்டத்திடம் சொல்லிப் பாருங்கள், அடிக்க வருவார்கள். மன்னவனூர் ஆட்டுப் பண்ணைப் பக்கம் போய்ப் புல்லில் உருண்டு படம் எடுக்கிறவர்களும் அதே கூட்டம்தான். புல்வெளி அவர்களுக்குப் பிடித்திருக்கிறது. அது ஒரு காடு அளவுக்கு முக்கியம் என்று சொல்ல மட்டும் நம்மிடம் சொல் இல்லை.

அதற்காக நாளைக்கே எல்லாத் தோட்டத்தையும் மொட்டையடி என்பதும் சரியில்லை. வட்டக்கானல் கன்சர்வேஷன் டிரஸ்ட்காரர்கள் பல ஆண்டுகள் மலையில் நடந்து கவனித்துச் சொன்னது இது: பழைய தோட்டங்களின் நிழலில் சோலைக் கன்றுகள் தாமாகவே முளைத்து வருகின்றன. அங்கே வெட்டினால் கன்றும் போகும், வெயில் பட்டு வாட்டில் விதை கூட்டமாக எழும். எனவே பழைய தோட்டத்தைப் பொறுமையாக விட வேண்டும், மிச்சமிருக்கும் புல்வெளியை அவசரமாகக் காக்க வேண்டும். இடத்துக்கு இடம் பதில் மாறும். மேல்மலைக் கிராமங்களில் வாட்டில்தான் அடுப்பு விறகு என்பதையும் மறந்துவிடக் கூடாது. விறகுக்கு மாற்று இல்லாமல் வாட்டிலை எடுத்தால் கோடரி எங்கே திரும்பும் என்று யோசித்தால் போதும்.

தென்னாப்பிரிக்கா 1995-ல் 'தண்ணீருக்காக வேலை' என்ற திட்டத்தைத் தொடங்கியது. வேலையில்லாதவர்களைக் கூலிக்கு அமர்த்தி, ஆற்றுநீரைக் குடிக்கும் வாட்டில் முதலான அந்நிய மரங்களை எடுப்பது. அங்கே இது காடு வளர்ப்பு என்றில்லை, நீர்த் திட்டம் என்ற பெயரில் நடந்தது. அதனால் கேள்வியே வேறாகிவிட்டது: எத்தனை மரம் என்று கேட்காமல் எவ்வளவு தண்ணீர் என்று கேட்டார்கள். நம் பக்கம் முதுமலையில் பரவிய சென்னா மரத்தை எடுக்கும் பொறுப்பு அரசின் காகித ஆலையான டிஎன்பிஎல்லுக்குப் போனது. செலவில்லாமல் வேலை நடக்கும், நல்லதுதான். ஆனால் எனக்கு ஒரு தயக்கம். ஆலைக்கு வேண்டியது எடை. பெரிய மரத்தை எடுத்துப் போன பிறகு, அடுத்த பத்து வருஷம் ஒவ்வொரு மழைக்கும் முளைக்கும் நாற்றைக் குனிந்து பிடுங்க யார் வருவார்? நாற்றில் கூழ் கிடையாது. அதற்குக் கூலி கொடுக்க வேண்டியது அரசு. பருவநிலைக் கட்டுரையின் 'அரசு' பத்தியில் இப்படி ஒரு வரி எழுதப்பட்டு நான் பார்த்ததில்லை.

இனி 'நிறுவனங்கள்'. இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன், பலருக்கும் தெரிந்த கதை. அமெரிக்காவின் வாட்டர்டவுனில் இருந்த பாதரச வெப்பமானித் தொழிற்சாலை 1983 வாக்கில் கொடைக்கானலுக்கு வந்தது. பாண்ட்ஸ் நிறுவனத்தினுடையது. பிறகு அந்த நிறுவனம் உலக அளவில் யூனிலீவர் கைக்குப் போனது. 2001 மார்ச்சில் மூஞ்சிக்கல் பழைய இரும்புக் கடையில் பாதரசம் கலந்த கண்ணாடிக் கழிவு கிடப்பதை ஊர்க்காரர்களும் கிரீன்பீஸும் வெளியே கொண்டுவந்தார்கள். ஆலை மூடப்பட்டது. 2003-ல் 290 டன் கழிவு அமெரிக்காவுக்கே திருப்பி அனுப்பப்பட்டது. ஆலைக்குப் பின்னால் பாம்பார் சோலை, அங்கிருந்து இறங்கும் தண்ணீர் கும்பக்கரை அருவி வழியாகப் பெரியகுளம் பக்கம் போகிறது. தொழிலாளர்கள் 2006-ல் சென்னை உயர் நீதிமன்றம் போனார்கள். 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்களோடு நிறுவனம் உடன்பாடு செய்துகொண்டது. அவர்களின் நோய்க்கு ஆலை காரணம் என்பதை நிறுவனம் கடைசிவரை ஏற்கவில்லை, மனிதாபிமான அடிப்படையில் என்றே சொன்னது.

பாதரசத்துக்கும் பருவநிலைக்கும் என்ன சம்பந்தம் என்றால், இதுதான். இதே யூனிலீவர் 2010-ல் ஒரு பெரிய நீடித்த வாழ்வுத் திட்டத்தை அறிவித்தது. அடுத்தடுத்த ஆண்டுகளில், நிபுணர்களிடம் கருத்துக் கேட்டு எடுக்கப்படும் உலகத் தரவரிசையில் நிலைத்தன்மைக்கு முன்னோடி நிறுவனமாக முதலிடத்தில் நின்றது. அது வெறும் வேஷம் என்று ஒரு வரியில் முடிப்பது சோம்பேறித்தனம். உமிழ்வைக் குறைக்கும் முயற்சி உண்மையாகவே நடந்திருக்கலாம். அதே சமயம் கொடைக்கானல் மண்ணில் பாதரசம் கிடந்தது. மண்ணைச் சுத்தப்படுத்த ஒரு கிலோவுக்கு 20 மில்லிகிராம் வரை போதும் என்றது நிறுவனத்தின் திட்டம், போதாது என்றார்கள் போராடியவர்கள். உலகத் தராசில் ஒரு தட்டு ஏறும்போது உள்ளூர் மண்ணின் கணக்கு அதில் தெரியவே தெரியாது. மரம் எண்ணும் வரைபடத்தில் புல்வெளி தெரியாதது மாதிரியேதான். சென்னையிலோ லண்டனிலோ வெளியிடப்படும் நிறுவன அறிக்கையில் "எத்தனை லட்சம் மரக்கன்று" என்று படிக்கும்போது நான் இப்போதெல்லாம் கேட்பது ஒன்றுதான்: எந்தச் சரிவில்? நட்டதற்கு முன்னால் அங்கே என்ன இருந்தது?

மூன்றாவது, இளைஞர்கள். 2015 ஜூலை 30 அன்று சோபியா அஷ்ரப் 'கொடைக்கானல் வோன்ட்' என்ற ராப் காணொளியோடு வந்தார். நிக்கி மினாஜின் 'அனகோண்டா' மெட்டு. சில நாட்களில் மினாஜே அதைப் பகிர்ந்தார், பார்வைகள் லட்சக்கணக்கில் ஏறின, நிறுவனத்தின் தலைமை அதிகாரி பால் போல்மன் டுவிட்டரில் பதில் சொல்ல வேண்டி வந்தது. அடுத்த எட்டு மாதத்துக்குள் உடன்பாடு.

இதை ஒரு படைப்பாகப் பார்த்தால் அதன் பலம் எங்கே இருக்கிறது? குரலில் அல்ல, மெட்டிலும் அல்ல (மெட்டு கடன்தானே). முகவரியில். அது "மனிதகுலமே விழித்தெழு" என்று பாடவில்லை. ஒரே ஒரு நிறுவனத்தைப் பார்த்து, ஒரே ஒரு ஊரின் பெயரைச் சொல்லி, செய்ய வேண்டிய வேலையைக் கேட்டது: தொழிலாளருக்கு இழப்பீடு, மண்ணுக்குச் சுத்தம். சோபியா விளம்பரத் துறையில் வேலை பார்த்தவர். யார் காதில் விழ வேண்டும் என்று தீர்மானித்துவிட்டுத்தான் வரி எழுத வேண்டும் என்பது அந்தத் தொழிலின் பாலபாடம். விழிப்புணர்வுப் பேரணிகள் மறக்கும் பாடமும் அதுதான். 'பூமியைக் காப்போம்' பதாகைக்கு யாரும் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் இல்லை.

பலவீனமும் அங்கேயேதான். லண்டன் காதுக்கு எழுதியதால் அது ஆங்கிலத்தில் இருந்தது. ஆலையில் வேலை பார்த்தவர்களுக்கு அந்தப் பாட்டின் சொல் புரிந்திருக்குமா? அவர்களுடைய பேச்சு அதில் இல்லை, அவர்களுக்காகப் பேசும் குரல்தான் இருக்கிறது. பதினைந்து ஆண்டுகள் மனு, மருத்துவச் சான்று, வாய்தா, பேருந்து என்று அலைந்தது அவர்கள். மூன்று நிமிடக் காணொளி அந்தப் பதினைந்து ஆண்டின் மேல் ஏறி நின்றதால் உயரமாகத் தெரிந்தது. காணொளியால் மட்டும் நீதி கிடைத்தது என்று சொல்கிறவர்கள், நீதிமன்றப் படியில் உட்கார்ந்திருந்தவர்களை மறந்துவிடுகிறார்கள். காணொளி இல்லாமலே கிடைத்திருக்கும் என்பவர்களும் 2006-க்கும் 2015-க்கும் இடையில் என்ன நடந்தது என்று பார்க்க வேண்டும்.

2018-ல் தொடர்ச்சியாக 'கொடைக்கானல் ஸ்டில் வோன்ட்' வந்தது. ரதீந்திரன் ஆர். பிரசாத் இயக்கம், டி.எம். கிருஷ்ணாவும் அம்ரித் ராவும் சேர்ந்தார்கள். ராப்போடு கர்நாடக இசையும் தமிழும் வந்தன. கலையாக இதுதான் மேல் என்பது என் எண்ணம். மேல்நாட்டு மண்ணுக்கு ஒரு அளவுகோல், நம் மண்ணுக்கு ஒரு அளவுகோலா என்ற கேள்வியை முதல் பாட்டைவிடக் கூர்மையாகக் கேட்டது. ஆனால் முதல் பாட்டின் வேகத்தில் இது பரவவில்லை. தொழிலாளியின் முகம் கதையில் இருந்தபோது உலகம் பார்த்தது. ஒரு கிலோ மண்ணில் எத்தனை மில்லிகிராம் என்று கேட்டபோது கைவிரலை நகர்த்திவிட்டது. மண்ணுக்காக அழ வைப்பது கஷ்டம். புல்லுக்காக அழ வைப்பது அதைவிடக் கஷ்டம். வாட்டில் ஏறும் புல்வெளிக்கு இன்னும் ஒரு பாட்டும் வரவில்லை. வந்தாலும் அது யாரைப் பார்த்துப் பாட வேண்டும்? வில்லனே இல்லையே. நல்லெண்ணத்தோடு நட்டவர்கள்தான் எதிரே இருக்கிறார்கள்.

இப்போது கொடைக்கானலில் நடக்கும் பெரிய விவாதம் வாகனம் பற்றியது. உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் இ-பாஸ். 2025-ல் வார நாட்களில் 4,000, வார இறுதியில் 6,000 வண்டி என்று உச்சவரம்பு. கடைக்காரர்களும் விடுதிக்காரர்களும் கொதித்தார்கள், அவர்கள் பிழைப்பு அது. எனக்கு இதில் பிடித்தது ஒன்று: முதன்முறையாக ஒரு மலை எவ்வளவு தாங்கும் என்ற கேள்வி எண்ணாக மாறியிருக்கிறது. அந்த எண் சரியா தப்பா என்று சண்டை போடலாம். புல்வெளிக்கு அப்படி ஓர் எண் இல்லை. இதற்கு மேல் ஒரு ஹெக்டேர்கூட வாட்டிலுக்குப் போகக் கூடாது என்று யாரும் கோடு கிழிக்கவில்லை. மிச்சமிருக்கும் புல்வெளித் துண்டுகள் எங்கெங்கே என்று அந்த ஆய்வாளர்கள் வரைபடமே போட்டுக் கொடுத்திருந்தும்.

குறிஞ்சி 2006-ல் பூத்தது, 2018-ல் பூத்தது, அடுத்து 2030. இதற்கிடையில் 2024-ல் அதைப் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அழிவாய்ப்புள்ள இனமாகப் பட்டியலில் சேர்த்தது. 2030-ல் படம் எடுக்கப் போகும் கல்லூரிப் பிள்ளைகளுக்கு இப்போதே ஒரு வேலை இருக்கிறது. வாட்டில் நாற்று முழங்கால் உயரம் இருக்கும்போது மழை பெய்த மறுநாள் கையால் இழுத்தால் வேரோடு வந்துவிடும். மூன்று வருஷம் விட்டால் அரிவாள் வேண்டும். பத்து வருஷம் விட்டால் ரம்பம், லாரி, டெண்டர், வழக்கு. காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் போக முடியாது, போகவும் கூடாது. ரேஞ்சர் அலுவலகத்தில் எழுதிக் கொடுத்துக் கேட்க வேண்டும், ஒரு தடவைக்கு மூன்று தடவை. "மரம் நடணும்"னு போய் நின்றால் உடனே சரி என்பார்கள். "பிடுங்கணும் சார்"னு போய் நின்று பாருங்கள், என்ன சொல்கிறார்கள் என்று எனக்கும் எழுதுங்கள்.